இரண்டு தட்டு, ஓர் எண்

ஹேசோங் வட்டத்தின் நான்கு லட்சம் குடிமக்களும் அறிய இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: வட்ட அலுவலகத்தின் ஒவ்வொரு மேசையிலும் இன்று முதல் இரண்டு கணினிகள் இருக்கும். ஒன்று அலுவலக உள்வலைக்கு, மற்றது வெளியுலக இணையத்துக்கு. ஒன்றின் நிழல்கூட மற்றதன் மேல் விழாது. அரசு ரகசியங்கள் இனிப் பத்திரம்.

அறிவித்தவர்கள் கணினியைத்தான் இரண்டாக வாங்கினார்கள். திரையும் விசைப்பலகையும் மேசைக்கு ஒன்றே. நடுவில், திரையை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிவிட, சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டி, எண் ஒன்றைத் தட்டினால் உள்வலை, இரண்டைத் தட்டினால் இணையம். மூன்று தட்டும் ஒரே விநாடிக்குள் விழ வேண்டும்.

அங்கேதான் பிரிவுத் தலைவர் பியோ சிக்கினார். முப்பது வருடம் கோப்புகளில் முத்திரை குத்திய கை அது. ஒரு தட்டு தட்டுவார், யோசிப்பார், இன்னொன்று தட்டுவார். பெட்டி அசையாது.

"பாங் ஜுமுக்வான்! கொஞ்சம் வாங்க. இது மறுபடியும் முறைச்சுக்கிச்சு."

ஜுமுக்வான், அதாவது நடுநிலை அலுவலர், பாங் மி-ரான் எழுந்து போவாள். தட்டுவாள். திரை மாறும். பெட்டியோடு வந்த கையேட்டைக் கடைசி வரி வரை படித்தவள் அந்த மாடியில் அவள் ஒருத்திதான். ஆறு வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்த் தட்டினாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. ஏழாம் நிலையில் பதினோரு வருடம். ஆறாம் நிலை கிடைத்தால் குழுத்தலைவி ஆகலாம், வேறு மாடிக்குப் போகலாம், அந்தக் குரல் எட்டாத தூரத்தில் உட்காரலாம். "அடுத்த தடவை உங்களுக்குத்தான்" என்று பியோ இரண்டு விருந்துகளில், இரண்டு முறையும் சோஜு மதுக் கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

ஜூன் மாதம், பதவி உயர்வுக்கான மதிப்பீட்டு வாரம். இணையத்தில் பாதுக் என்னும் கறுப்பு வெள்ளைக் காய் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த பியோ உள்வலைக்குத் திரும்ப நினைத்து அவளைக் கூப்பிட்டார். திரையை விட்டுப் போன கணினி அணைந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆறு வருடத்தில் யாரும் அதைத் திருத்தவில்லை. கேட்டால்தானே?

மி-ரான் தட்டினாள். அவர் திறந்து வைத்தது திறந்தபடியே வந்து நின்றது: மதிப்பீட்டுப் படிவம். பிரிவின் நான்கு பேரில் முதலிடம் மேங்குக்கு. ஞாயிறுதோறும் பியோவோடு மலை ஏறுகிறவன், அவருடைய பழக்கூடையையும் தூக்கிக்கொண்டு. நான்காமிடம் பாங் மி-ரான். பக்கத்தில் குறிப்பு: "கணினித் திறன் போதாது. பிறர் உதவியின்றி இயங்கப் பழக வேண்டும்."

பியோ எட்டிப் பார்த்தார். "அட, இது அப்பவே போயிடுச்சுன்னு நெனச்சேன்... ஏதாவது கண்ல பட்டுச்சா?"

"என்ன படணும், குவாஜாங்நிம்?" பிரிவுத் தலைவருக்குரிய மரியாதை குறையாமல் கேட்டாள்.

"நல்லது, நல்லது."

ஜூலையில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. மேங் ஆறாம் நிலை.

தேநீர் அறையில் பக்கத்து மேசை ஜூ-யோன் காபிப் பொட்டலத்தைக் கிழித்தபடி சொன்னாள். "அக்கா, மலை ஏறத் தெரியாதவங்களுக்குப் படி ஏறவும் குடுத்து வைக்கலையாம்."

"எனக்கு முட்டி வலிடி."

"அப்ப தட்டிக்கிட்டே இருங்க. இன்னும் ஒம்பது வருஷந்தானே, ஓய்வு வந்துடும்."

மி-ரான் சிரித்தாள்.

ஆகஸ்டில் நாடு முழுக்கப் போர்க்காலப் பயிற்சி. எல்லோருக்கும் மஞ்சள் மேலங்கி. வட்டத் தலைவர் புகைப்படக்காரரோடு மாடி மாடியாக வருவதாகச் சேதி. அவர் படியேறும் சத்தம் கேட்டதும் பியோ பதறினார். திரையில் பாதுக் ஆட்டம். "பாங் ஜுமுக்வான்! சீக்கிரம்! பயிற்சி வரைபடத்தைக் கொண்டாங்க!"

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு வசதி இருந்தது. ஸ்க்ரோல் லாக் இருமுறை, பிறகு எண்ணுக்குப் பதில் எஸ் என்ற எழுத்து. தட்டினால் திரை ஐந்து விநாடிக்கு ஒருமுறை தானாகவே இரண்டு கணினிகளுக்கும் மாறி மாறிப் போய்வரும். நிறுத்தத் தெரிந்தவர் நிறுத்தும்வரை.

மி-ரான் ஆறு வருடத்தில் முதல்முறையாக எஸ்ஸைத் தட்டினாள். தன் இடத்துக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வட்டத் தலைவர் வந்து நின்றார். வரைபடம். பாதுக். வரைபடம். பாதுக்.

"இது என்ன, பியோ?"

பியோவின் காது சிவந்தது. பிறகு, முப்பது வருட உத்தியோகம் வாயைத் திறந்தது. "ரெண்டு வலையையும் ஒரே ஆள் ஒரே நேரத்துல கண்காணிக்கிற முறைங்க. நம்ம பிரிவே யோசிச்சு உருவாக்கினது."

"அந்தப் பாதுக்?"

"அது... சோதனைப் படங்க."

வட்டத் தலைவர் குனிந்து அடுத்த ஐந்து விநாடிக்குக் காத்திருந்தார். "இந்த மூலையில வெள்ளை மாட்டிக்கிச்சு," என்றார். புகைப்படக்காரர் படம் எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மி-ரானும் தட்ட வேண்டியிருந்தது.

செப்டம்பரில் "புத்தாக்க நிர்வாகப் பாராட்டிதழ்", கண்ணாடிச் சட்டத்தோடு. மற்ற வட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து திரையைப் பார்த்துக் குறிப்பெடுத்துப் போனார்கள். ஜனவரியில் பியோ இயக்குநராக உயர்ந்தார், மேல்மாடியில் தனி அறை.

போகும்போது ஒரே ஓர் ஆளைக் கூடவே கேட்டு வாங்கிக்கொண்டார். "இவங்க இல்லாம என்னால முடியாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மாற்றல் உத்தரவில் பெயர் பாங் மி-ரான், நிலை ஏழு.

புதிய அறையில் மூன்று கணினிகள்.