தயிருக்குப் போட்ட அப்சார்பர்

மூன்று மாதத்தில் மூன்றாவது ஜோடி அப்சார்பர் வீட்டுக்கு வந்தபோது செல்லாயிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் குலுக்கலைத் தாங்க ஸ்பிரிங் சுற்றி நிற்கிற இரண்டு குழாய்கள், அவ்வளவுதான். அதற்காக ஒரு வீட்டில் இத்தனை ரகளையா?

மலேசியாவில் கோப்பெங் பக்கம் துண்டு போட்டு விற்றுவிட்ட ரப்பர் தோட்டத்தில், இன்னும் இடிக்காத தொழிலாளர் லயத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். செல்லாயி இரண்டு மாடு வளர்த்துத் தயிர் உறைய வைத்தாள். அவள் கணவன் ராமையா ஈப்போவில் ஒரு மாவு ஆலையில் மூட்டை தூக்கினான். வேலைக்குப் போகும் வழியில் புந்தோங்கில் முகம்மது கௌஸின் சாப்பாட்டுக் கடையில் தயிர்ச் சட்டியை இறக்கிவிட்டுப் போவான். தோட்டம் கைமாறியதிலிருந்து அந்தச் செம்மண் சாலையைக் கவனிக்க நாதியில்லை. வழி நெடுகக் குழி.

"தயிரு உடைஞ்சு, தண்ணி விட்டுப்போயி வருதுன்னு கௌஸ் பாய் சொல்றாரு" என்றான் ராமையா, மூன்று மாதம் முன்பு ஒருநாள். "அப்சார்பர் செத்துப்போச்சுலா. மாத்தணும்."

செல்லாயிக்கு இருந்தது அந்த ஒரே வாடிக்கை. அது போனால் மாடுகளை விற்க வேண்டியதுதான். அதைவிட, கரண்டியால் வெட்டி எடுக்கும்படி தயிர் வைக்கிற கை என்று லயமே பெயர் கொடுத்திருந்தது. அந்தப் பெயர் போவதை அவளால் தாங்க முடியாது. உறை மோரை மாற்றினாள். பாலை இன்னும் சுண்டக் காய்ச்சினாள். ஒன்றும் அறியாத மாட்டைக்கூடத் திட்டினாள். சட்டியைச் சுற்றி வைக்கோல் திணித்துக் கொடுத்தாள். கேட்டால், தயிர் இன்னும் உடைகிறது என்பான்.

முதல் ஜோடி ஏதோ பெரிய வண்டியிலிருந்து கழற்றியது. பழைய சாமான் கடையில் பிடித்து, புந்தோங் மெக்கானிக் சீனியிடம் கொடுத்து மாட்டிக்கொண்டு வந்தான். வண்டியின் பின்பக்கம் வாத்து மாதிரி தூக்கிக்கொண்டது. ஸ்டாண்டு தரைக்கு எட்டாமல் வண்டி சாய்ந்து, அவள் வைத்திருந்த கருவேப்பிலைச் செடிமேல் விழுந்தது. சீனி ஸ்டாண்டில் ஒரு துண்டுக் குழாயை ஒட்டவைத்துக் கொடுத்தான். இரண்டாவது ஜோடி மெத்து மெத்தென்று இருந்தது. இருந்து என்ன, அவன் ஏறி உட்கார்ந்தால் டயர் மட்கார்டில் உரசியது. இப்போது இந்த மூன்றாவது. ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வளையம், அதைத் திருகினால் ஸ்பிரிங் இறுகுமாம், திருப்பித் திருகினால் இளகுமாம். சாயங்காலம் முழுக்கத் திருகுவான். கோயிலடிக் குழிகளில் ஏறி இறங்கிவிட்டு, முகம் வேர்த்துத் திரும்பி வருவான்.

"தயிருக்கு இன்னும் பத்தாது" என்பான்.

வண்டியில் தயிரே இல்லையே, எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டாள். தனக்குத் தெரியும் என்றான். வாயைத் திறந்தால் சண்டைதான் வரும் என்று அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

கடைசியில் ஒருநாள், இன்னொரு தடவை உடைந்து வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக பாய் சொல்லிவிட்டார் என்றான். அதனால் நான்காவதாகப் புது ஜோடி ஒன்று வாங்கிவிடலாமா என்றும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. காலையில் செல்லாயி சேலை மாற்றிக்கொண்டு, சட்டியை மடியில் வைத்துப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பாயின் காலில் விழுந்தாவது வாடிக்கையைக் காப்பாற்றுவது என்று முடிவு. வெயில், தூசி, எதற்கு அலைச்சல் என்று அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவள் இறங்கவில்லை.

வழியெல்லாம் குழிக்குக் குழி, பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மா" என்றான். சாலையைத்தான் வைகிறான் என்று நினைத்தாள். கடை தெரிந்ததும் முச்சந்தியிலேயே அவளை இறக்கிவிட்டு, சீனியைப் பார்க்க வேண்டும் என்று ஓடிப்போனான்.

கௌஸின் மனைவி ஜெய்னம்பு அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். செல்லாயி சட்டியைத் திறந்தாள். தயிர் கட்டியாக, அசையாமல் இருந்தது. அதைப் பெருமையாகக் காட்ட வாயெடுப்பதற்குள், ஜெய்னம்பு மொத்தத்தையும் அண்டாவில் கவிழ்த்து, வெங்காயத்தைக் கொட்டி, மத்தால் கடகடவென்று கடைந்தாள். பிரியாணிக்குப் பச்சடி.

செல்லாயி மெதுவாக, தயிர் உடைந்து வருகிறது என்று பாய் குறைப்பட்டாராமே என்று கேட்டாள்.

ஜெய்னம்பு மத்தை நிறுத்தினாள். "யாரு சொன்னாங்கக்கா? நாங்கதான் தினம் உடைக்கிறோமே. கொறை ஒண்ணுமில்ல. அண்ணனுக்குத்தான் ஒடம்பு சரியில்ல போல. சட்டியக்கூட எங்க வீட்டுக்காரருதான் எறக்குறாரு. அண்ணன் அந்தத் தூணப் புடிச்சிக்கிட்டுச் செத்த நேரம் நின்னுட்டுத்தான் ஏறுவாரு. இடுப்புன்னு சொன்னாரு. தைலம்கூடக் குடுத்தேன்."

செல்லாயி அந்தத் தூணைப் பார்த்தாள். தயிர் இல்லாமலே தயிரைச் சோதித்தவனின் வேர்த்த முகம் நினைவுக்கு வந்தது. இடுப்பு வலி என்று வாய்விட்ட ஆளுக்கு அந்த ஆலையில் மறுநாள் வேலை கிடையாது. அவளிடம் சொன்னால் லயத்துக்கே சொன்ன மாதிரி, அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் பாவி, மூன்று மாதம் தன் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டானே. வரட்டும், நடுத்தெருவில் வைத்துக் கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

அவன் முச்சந்தியில் வண்டியோடு நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஒன்றும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். தார்ச்சாலை முடிந்து செம்மண் தொடங்கியது. முதல் குழியில் அவன் முதுகு விறைத்தது. அவள் ஆத்திரமும் ஆற்றாமையும் அந்த இடத்தில்தான் ஒன்றாகக் கலந்தன.

"ஏங்க" என்றாள். "அந்த வளையத்த இன்னும் ரெண்டு படி எளக்கி வைங்க. தயிரு ஒடையுது."

அவள் மடியில் இருந்தது காலிச் சட்டி. வண்டிக் கண்ணாடியில் அது அவனுக்கும் தெரிந்தது.

"சரி புள்ள" என்றான். அடுத்த குழியில் "அம்மா" என்று வாய்விட்டே கத்தினான்.