வாய்க்கட்டு

செத்தவன் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதைச் சின்னராசாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. திருகோணமலையில் பிரேத அறை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு அந்தக் குணம். கேட்க நாதியற்ற பிணமாக இருந்தாலும் சரி, நாடிக்குக் கீழே துணி கொடுத்து, கன்னங்களை அணைத்து, உச்சியில் இறுக்கி முடிந்துவிடுவான். காலையில் டொக்டர் வருமுன் அவிழ்த்தும் விடுவான். பிணத்தில் கைவைத்தால் அந்த மனிசன் துள்ளிக் குதிப்பார், யாருக்கு வேண்டும் அந்த ஏச்சு!

டொக்டர் சோமசேகரத்துக்கு அப்போது ஒரு மண்டையோட்டுப் பைத்தியம். கொட்டியாரக் குடாவில் கரைவலைக்காரரின் வலையில் வந்த மண்டையோடு அது. களிமண் அப்பி முகம் கொடுத்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று பொலிசாரிடம் சொல்லிவிட்டார். எலும்பின் மேல் எங்கெங்கே எவ்வளவு சதை இருக்கும் என்று தெரிய வேண்டுமே? வெள்ளைக்காரன் அளந்து வைத்த கணக்கு எங்கள் முகங்களுக்குச் சரிவராது என்று, பிரேத அறைக்கு வந்த ஆண்களின் முகங்களில் தானே அளந்தார். ஊசியில் ரப்பர்த் துண்டொன்றைக் கோத்து, நெற்றி, கன்னம், நாடி என்று எலும்பு தட்டும்வரை குத்துவார். ரப்பர் தோலோடு நின்றுவிடும். ஊசியை இழுத்து, ரப்பருக்குக் கீழே உள்ள நீளத்தை அளப்பார். விளக்குப் பிடிப்பது சின்னராசா.

மாதக்கணக்கில் அளந்து, அந்த அளவுக்கே மண் அப்பி முடித்தபின், குணேஸ்வரியைப் பொலிசார் கூட்டி வந்தார்கள். புருசனைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுத்திருந்தவள். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபின் நிரந்தர வேலையில்லாமல் திரிந்த இராசையா, போன வருசம் புல்மோட்டைக்கு வேலை தேடி வெளிக்கிட்டவன், திரும்பவில்லை. கொழும்பில் ஒருத்தியோடு இருக்கிறான் என்று சனம் கதை கட்டியது. இருந்தால் இருக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று அவள் குங்குமம் வைத்துக்கொண்டுதான் திரிந்தாள். பிரேத அறை வாசற்படியில் நின்றுவிட்டவளைப் பொலிசார் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

மேசையில் இருந்த முகத்தைக் கண்டதும் அவள் விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது. ஒட்டிப்போன கன்னம், ஒடுங்கிய நாடி.

"இது அவரில்லை, ஐயா."

சின்னராசாவுக்கும் சந்தோசம்தான். வந்த பிள்ளை பொட்டோடு வீடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

டொக்டருக்கு முகம் சுருங்கிப்போனது. எங்கே வித்தியாசம் என்று கேட்டார். வந்த சந்தோசத்தில் அவளுக்கு வாய் நிற்கவில்லை. வேலையில்லாவிட்டாலும் சாப்பாட்டில் தான் குறை வைத்ததில்லை என்றாள். அவருக்குக் கன்னம் இரண்டும் பேக்கரியில் உப்பி வந்த பணிஸ் மாதிரி என்று சொல்லிச் சிரித்தாள். இப்படி, என்று மேசையில் கிடந்த களிமண்ணில் கொஞ்சம் எடுத்து அந்த முகத்தின் கன்னத்தில் வைத்து வழித்தாள். மற்றக் கன்னத்திலும் வைத்தாள். நாடிக்குக் கீழும் கொஞ்சம் வைத்தாள்.

சின்னராசா அவள் மண் வைத்த இடங்களைப் பார்த்தான். கன்னம் இரண்டும், நாடியும். எல்லாம் அவன் துணியை இறுக்குகிற இடங்கள்.

குணேஸ்வரியின் கை நின்றுவிட்டது. சிரிப்பு உதட்டிலேயே கிடக்க, கண் மட்டும் அந்த முகத்தை விட்டு நகரவில்லை.

"ஐயா, நீங்கள் அளந்த எல்லாருக்கும் நான் ராவிலை வாய் கட்டினனான்," என்றான் சின்னராசா. "நீங்கள் வாறதுக்கு முன்னம் அவிழ்க்கிறனான். சதை அமுங்கித்தான் இருந்திருக்கும்."

டொக்டர் திரும்பினார். ஏசுவதற்கு வாயெடுத்தவர், அவளைப் பார்த்து அடங்கிவிட்டார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சின்னராசாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பாவி, கட்டாமல் விட்டிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு நின்றான். மண் பட்ட கையை அவள் சேலையில் துடைத்தாள்.

"கடலுக்கை அவருக்கு ஒருத்தரும் வாய் கட்டியிருக்கமாட்டினம், என்ன அண்ணை?" என்றாள். "ஒருக்கால் கட்டிவிடுங்கோ."

சின்னராசா துணியைக் கிழித்தான். பச்சை மண். கொஞ்சம் இறுக்கினாலும் அவள் வைத்த கன்னம் போய்விடும். தொட்டும் தொடாமலும் சுற்றி, உச்சியில் முடிந்தான்.