நடுவில் நின்றவள்

மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரே கட்டடத்தில் இருந்தாலும், கான்கான் ஆட்டம் வரும்வரை நீலாவுக்கு ஷியாமளா மேல் எந்தக் குறையும் இருந்ததில்லை.

தமிழ்ச் சங்க ஆண்டு விழாவுக்குப் பெண்கள் அந்த ஆட்டத்தை ஆடலாம் என்றவள் மஹதி. மஸ்கட்டிலேயே வளர்ந்த பெண். பழைய பிரெஞ்சு கேலி நாடகப் பாட்டுக்கு, பாவாடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைத் தலைக்கு மேல் வீசி, கூவி ஆட வேண்டும். பாட்டு போட்டால் குதிரை ஓடுவதுபோல் ஓடியது.

நீலா வீட்டிலேயே பரதநாட்டிய வகுப்பு நடத்துபவள். ஷியாமளாவின் மகளும் அவளிடம்தான் கற்றுக்கொண்டாள். நடுவில் தான்தான் என்று நினைத்திருந்தாள். ஆனால் ஆட்டமே தெரியாத ஷியாமளா, ஒத்திகையின் முதல் நாளே காலை வீசிய வேகத்தில் செருப்பு பறந்து ஜன்னலில் அடித்தது. அப்படியே அவள் ஒரு கூவல் போட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஆன்ட்டி, நீங்க சென்டர்!" என்றாள் மஹதி. நீலாவை ஓரத்தில் நிறுத்தினாள்.

ஒத்திகை முடியும்முன்பே அழைத்துப் போக வந்திருந்த நீலாவின் கணவர் கௌரிசங்கர், காரில் சொன்னார்: "ஷியாமளா கலக்குறாங்க, இல்ல?"

நீலா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கூவிப் பார்த்தாள். தொண்டையில் இருமல்தான் வந்தது.

ஷியாமளாவின் கணவர் ரகுநாதனுக்கு சோஹார் துறைமுகத்தில் வேலை. வார விடுமுறைக்கு வியாழக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அந்த வியாழன் லிஃப்டில் அவரைப் பார்த்ததும் நீலா தானாகப் பேச்செடுத்தாள்.

"ஷியாமளாவுக்கு ரொம்பத் தைரியம் சார். பாவாடையைத் தூக்கிக் காட்டறதுதானே அந்த ஆட்டமே! ஒரு காலத்துல பாரிஸ்லயே அசிங்கம்னு போலீஸ்காரங்க தடுத்தாங்களாம்."

ரகுநாதன் முகம் மாறியது. நீலாவுக்கு வயிறு குளிர்ந்தது.

அடுத்த ஒத்திகைக்கு ஷியாமளா வரவில்லை. கால் சுளுக்கு என்றாள். நடு இடம் நீலாவுக்கு வந்தது.

விழாவில் நீலா ஓர் அடி பிசகாமல் ஆடினாள். கை தட்டினார்கள், மரியாதைக்கு. கடைசியில் கூவ வேண்டிய இடத்தில் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. அந்த நொடி பார்வையாளர் நடுவிலிருந்து ஒரு கூவல் கிளம்பியது. ரகுநாதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷியாமளா, தன்னை மறந்து எழுந்து நின்றிருந்தாள். அரங்கமே திரும்பி, அவளுக்காக விசிலடித்தது. இங்கேயுமா என்று நீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முடிந்ததும் ஷியாமளா மேடைக்குப் பின்னால் வந்தாள். நொண்டவில்லை.

"அழகா ஆடினீங்க நீலா. எனக்குச் சுளுக்கெல்லாம் இல்ல, அவர்தான் ஆடக் கூடாதுன்னுட்டார். யாரோ அவர்கிட்ட கண்டபடி சொல்லியிருக்காங்க. யாருன்னு சொல்ல மாட்டேங்கறார்."

அவள் கண்ணில் சந்தேகமே இல்லை. அதுதான் நீலாவுக்குத் தாங்கவில்லை.

"நான்தான் சொன்னேன்."

"நீங்களா? ஏன்?"

"நீங்க ஆடறதப் பார்க்கப் பொறுக்கல."

ஷியாமளா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"உங்களுக்கு எத்தனை மேடை! என்னை நடுவுல நில்லுன்னு ஒருத்தர் சொன்னது இதுதான் முதல் தடவை."

குரல் உயரவில்லை. சொல்லிவிட்டு நடந்தாள்.

"ஷியாமளா!" என்று நீலா கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. மறுநாள் முதல் அவள் மகள் நாட்டிய வகுப்புக்கு வருவதும் நின்றது.