லூயிஸின் வலது கால்

1
இந்தக் கதை திருட்டுச் சொத்து. மலேசியாவில், ஈப்போ நகரை ஒட்டிய சிலிபினில் என் அடுத்த வீட்டு நவமணி அக்காவிடமிருந்து எடுத்தேன். விவாகரத்துக்குப் பிறகு, ஐம்பத்திரண்டாம் வயதில் லைசென்ஸ் எடுத்து, காரில் புது ஓட்டுநருக்கான ‘பி’ ஸ்டிக்கர் ஒட்டியவர்.

2
முதல் தொடக்கம்: ‘சாம்பலிலிருந்து எழும் பறவையைப்போல நவமணி…’

படித்துக் காட்டினேன்.

“தம்பி, நான் செமோர் ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. சாம்பல்ல சட்டிதான் வெளக்குனேன்.”

அந்த வரியை அடித்துவிட்டேன்.

3
[வில்லன் தேவை. முன்னாள் கணவர்?]

“கெட்டவரு இல்ல லா. நான் ஸ்டியரிங்கத் தொட்டாலே அவருக்கு வேர்த்துரும். இருபத்தாறு வருசம் பக்கத்து சீட்லயே உக்காந்துட்டேன்.”

இப்போது பக்கத்து சீட்டில் உட்காரும் அண்ணன், மகன், மருமகன் எல்லோரும் அங்கே இல்லாத பிரேக்கை மிதிக்கிறார்கள். (நானும் மிதித்தேன். இதை அடிக்குறிப்பில் ஒளிக்கப் பார்த்தேன், அக்கா விடவில்லை.)

4
லூயிஸ், மனைவியை இழந்தவர். முப்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டியவர். அக்கா லைசென்ஸ் சோதனையில் இரண்டாம் முறை தோற்ற அன்று, கோப்பிக் கடையில் எதிரே உட்கார்ந்து, “நான் நாலு தடவ லா” என்றார். காதல் அங்கே தொடங்கியது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அங்கேதான் தொடங்கியது.

போன மாதம், “கட்டிக்கலாமா?” என்று கேட்டார்.

“மொதல்ல நான் ஓட்டுற காடில செமோர் கோயில் திருவிழாவுக்கு வாங்க. அப்புறம் சொல்றேன்.”

பிரேக்கைத் தேடி அவர் கால் ஒருமுறை அசைந்தாலும் பதில் ‘இல்லை’. இது அவருக்குத் தெரியாது.

5
இந்த இடத்துக்கு மழையும் வானவில்லும் எழுதி வைத்திருந்தேன். நடந்தது வேறு. ஈப்போவைத் தாண்டியதும் ஒரு லோரி குறுக்கே புகுந்தது. அக்கா பிரேக் போட்டு, ஓரக்கண்ணால் லூயிஸின் வலது காலைப் பார்த்தார். அசையவில்லை. முகத்தைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது. குறட்டை.

“பஸ் ஓட்டுன மனுசன் தம்பி. என்னை நம்பித் தூங்குறாரு.” சொல்லும்போது அக்காவின் விழியோரம் ஒரு துளி…

[நீக்கவும். சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு.]

6
முடிவு ஒன்று: கல்யாணம், கோயிலிலா, சர்ச்சிலா என்று உறவினர் சண்டை. முடிவு இரண்டு: கல்யாணமில்லை, ஞாயிறுதோறும் ஊர்சுற்றல்.

“ரெண்டும் வேணாம். அவருகிட்ட என்ன சொன்னேங்கிறது எங்களுக்குள்ள. நீ காடியோட நிறுத்திக்க.”

சரி. தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்ட செமோர். கோயிலில் மேளம் கேட்கிறது. எழுப்ப மனமில்லாமல் அக்கா இன்னொரு சுற்றுச் சுற்றுகிறார். பின் சீட் காலி, ஏறிக்கொள்ளுங்கள். லூயிஸ் விழித்ததும் பதிலை நீங்களே கேட்கலாம்.

வளைவு வருகிறது. காலை மட்டும் சும்மா வையுங்கள்.