நீர்யானைக்கு யார் கையெழுத்து?

நகராட்சியில் கிறுக்கல் அழிக்கும் பிரிவின் மேற்பார்வையாளரை எல்லோரும் வெள்ளையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம் கிறுக்கல் என்று நினைத்து ஒரு சுவருக்கு வெள்ளையடித்துத் தொலைத்தாள். அது நகராட்சித் தலைவரே திறந்துவைத்த ஓவியமாம். ரிப்பன் வெட்டினால் கலை, வெட்டாவிட்டால் நாசவேலை. படித்த மேதாவிகள் கண்டுபிடித்த வித்தியாசம் அவ்வளவுதான். அதற்கு ஒரு மெமோ வாங்கியாயிற்று. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

அந்தக் கூத்துக்குப் பிறகு தலைவரின் திருமூளையில் உதித்ததுதான் படிவம். எந்தச் சுவரை அழிப்பதானாலும், படத்தில் இருப்பது யார் என்று எழுதி, பாதிக்கப்பட்டவரே கையெழுத்துப் போட வேண்டும்.

இன்று காலை தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு நீர்யானை முளைத்திருந்தது. ஊருக்கு வரும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. தலைவரின் மீசை, தலைவரின் தங்க பிரேம் கண்ணாடி. மூக்கோரத்து மச்சம்கூடத் தப்பவில்லை. காலிக் குடங்களோடு நின்ற சனம் வயிறு வலிக்கச் சிரித்தது.

மதியத்துக்குள் அழிக்காவிட்டால் வெள்ளையக்கா வீட்டுக்குப் போகலாம் என்று தலைவர் சொல்லியனுப்பினார். சுவரோவியம் மக்களின் குரல் என்று மேடையில் கண்கலங்கிய கலை ஆலோசகர், இது பொதுச்சொத்துச் சேதம் என்று கூசாமல் சான்றிதழே எழுதிக் கொடுத்தார். ஆனால் படிவத்தில் பெயர் எழுத மட்டும் ஒருவருக்கும் துணிவில்லை. கிளார்க்குக்குத் திடீரென்று பல்வலி வந்தது. இன்ஜினியர் போனை எடுக்கவில்லை. இப்படிப்பட்ட கோழைகளிடமா இத்தனை வருடம் வேலை பார்த்தோம் என்று நொந்தபடி வெள்ளையக்கா படிவத்தோடு சுவரடியிலேயே நின்றாள்.

கடைசியில் தலைவரே காரில் வந்து இறங்கினார்.

"ஏம்மா, யாரைப் போட்டிருக்கான்னு உனக்குக் கண்ணு தெரியலையா?"

"எனக்கு மிருகம்தான் சார் தெரியுது. அது யாருன்னு நீங்க சொன்னா எழுதிக்கிறேன்."

தலைவர் நீர்யானையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், பேனாவைத் திறந்து மூடினார்.

"அது நான் இல்ல."

"அப்ப அதையே எழுதிக் குடுத்திடுங்க சார். நாளைக்கு ஏன் அழிக்கலைன்னு யாரும் என்னைக் கேக்கக் கூடாது பாருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினார். வெள்ளையக்காவின் வேலை பிழைத்தது.

படிவத்தில் எழுதிய முடிவின் நகலை அந்தச் சுவரிலேயே ஒட்ட வேண்டும் என்பதும் தலைவர் போட்ட விதிதான். வெள்ளையக்கா பசை தடவி, நீர்யானையின் காலடியில் சுருக்கமில்லாமல் ஒட்டினாள். 'இது நான் அல்ல' என்ற வரிக்குக் கீழே தலைவரின் கையெழுத்து, நகராட்சி முத்திரையோடு. அதுவரை படத்தில் இருப்பது யாரென்று புரியாமல் நின்ற இரண்டொருவருக்கும் அப்போது புரிந்துவிட்டது.