நூறு சதவீத வருகை

அனுப்பிரியா சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி ஏறியபோது மணி பன்னிரண்டே முக்கால். மாலை ஐந்து மணிக்குள் அவள் பெயர் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டுக்கும் நடுவே நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். அவள் ஜூன் மாதமே சிதம்பரம் வந்துவிட்டாள். பெயர் மட்டும் ஆறு மாதமாகக் கடலூரைவிட்டு நகரவில்லை.

காலையில் வகுப்பாசிரியர் கொளஞ்சியப்பன் அவளை வெளியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பப்ளிக் எக்ஸாம் லிஸ்ட்ட இன்னைக்கு அஞ்சு மணிக்கு மூடுறாங்கம்மா. உன் பேரு இன்னும் கடலூர் ஸ்கூல்லதான் காட்டுது. அவுங்க கம்ப்யூட்டர்ல விட்டாத்தான் நாங்க எடுத்துக்க முடியும். ஜூன்லேருந்து உன் பேர நான் பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன், தெரியுமா?"

"இன்னைக்கு விடலைன்னா சார்?"

"இங்கேருந்து பரீட்ச எழுத முடியாது. லிஸ்ட்ல இல்லாத பிள்ளைய நான் கிளாஸ்ல வெச்சுக்கவும் முடியாது. நாளைலேருந்து உனக்கு ஸ்கூல் கிடையாது."

அவளுக்கு அந்த வகுப்பு வேண்டும். வேறெந்தப் பாடமானாலும் தனியாகப் படித்துவிடுவாள். கணக்குப்பதிவியலை மட்டும் யாராவது பலகையில் போட்டுக் காட்டினால்தான் அவளுக்குத் தலையில் ஏறும். ஜூலைத் தேர்வில் பத்தொன்பது வாங்கியவளைக் கொளஞ்சியப்பன் அறுபதுகளுக்கு இழுத்து வந்திருந்தார். சிதம்பரத்தைவிட்டு அவள் போகவும் வழியில்லை. அம்மா ஆரோக்கியம்மாளுக்குச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். அதற்காகத்தான் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்து வந்தார்கள். மதிய இடைவேளையில் ஓடிப்போய் அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு மணி அடிப்பதற்குள் திரும்பிவிடுவாள். இன்று வியாழன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியிடம் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பேருந்து புதுச்சத்திரம் தாண்டி, ஆலைகளின் வாடைக்குள் நுழைந்து, முதுநகரில் கால் மணி நேரம் நின்றது. இதெல்லாம் தன்னால் வந்ததுதான் என்று அவளுக்குத் தெரியும். யாரையும் குற்றம் சொல்ல முடியாத இடத்தில் அவள் தன்னைத்தானே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் மாற்றுச் சான்றிதழ் கேட்கப் போனபோது சௌந்தரம் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். வணிகவியல் ஆசிரியை. பிளஸ் டூ தேர்ட் குரூப்பில் மொத்தமே பதினைந்து பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

"ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி தலை எண்ணுவாங்க அனு. பதினாலுன்னு போச்சுன்னா குரூப்பையே மூடிருவாங்க. என்னைய வேற ஊருக்குத் தூக்கிப் போடுவாங்க, போயிட்டுப் போறேன். இதுங்கள எங்க தூக்கிப் போடுவாங்க? அது வரைக்கும் உன் பேரு இங்கயே இருக்கட்டும்டி."

பின்னால் நின்ற வகுப்புத் தோழி வினோதினி, "சரின்னு சொல்லுடி" என்று முதுகில் இடித்தாள். அனுப்பிரியா சரி என்றாள். வருகையைக் கைபேசியில்தான் பதிவார்கள். அதில் வகுப்பைத் திறந்தாலே எல்லாரும் வந்ததாகக் காட்டும். வராதவர் பெயரை மட்டும் தொட்டு மாற்ற வேண்டும். டீச்சர் செய்ததெல்லாம் ஒரு பெயரைத் தொடாமல் விட்டதுதான்.

ஆகஸ்ட் போனது. அதற்குள் ஆய்வு வருகிறது என்றார்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. வருகை இருக்கும் பிள்ளைக்கு மதிப்பெண்ணும் இருக்க வேண்டுமே. வினோதினி அவளுக்கும் சேர்த்து எழுதினாள். அக்டோபரில் தலைமையாசிரியர் மாறினார். ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் டீச்சர், "அடுத்த வாரம் கண்டிப்பா விட்டுடுறேன்" என்பார். அடுத்த வாரம் போனை எடுக்க மாட்டார்.

உப்புமண்டித் தெருப் பள்ளிக்குள் நுழைந்தபோது இரண்டே கால். வாசல் வளைவில் 1891 என்று செதுக்கியிருக்கும். ஒரு காலத்தில் இரண்டாயிரம் பேர் படித்த இடம். காலையில் பாதி, மதியம் பாதி என்று வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். கூடத்துச் சுவரில் மரப்பலகைகளில் மாவட்ட முதலிடம் வாங்கியவர்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் வரிசையாக இறங்கி வந்து 1993-இல் நின்றுவிடும். அதற்குக் கீழே ஒன்றரை அடி வெறும் மரம். அந்த ஆண்டுக்குப் பிறகு நகரத்துத் தெருக்களில் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் ஓடத் தொடங்கின. இப்போது எல்லா வகுப்புக்கும் சேர்த்து இருநூற்றுப் பத்துப் பேர். சுனாமிக்கும் புயலுக்கும் வெள்ளத்துக்கும் மட்டும் பள்ளி நிறையும். தேவனாம்பட்டினத்துக் குடும்பங்கள் பாய் தலையணையோடு வந்து வகுப்பறைகளில் படுக்கும். அனுப்பிரியா ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தாள். எந்த ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

தேர்ட் குரூப் வகுப்பில் டீச்சர் இல்லை. அவள் தலையைக் கண்டதும் சிலம்பரசன் எழுந்து நின்று கும்பிட்டான்.

"பேய் பகல்லயே வருதுடா. நூறு சதவீதம் வந்தும் பத்தலியா உனக்கு?"

வினோதினி அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "உனக்கு ஃபுல் அட்டெண்டன்ஸ் பிரைஸ் குடுத்தாங்கடி. பழைய ஹெச்.எம். போற அன்னைக்கு. டிபன் பாக்ஸு. நான்தான் வாங்குனேன். அதுலதான் சாப்புடுறேன்."

"எனக்குக் காலாண்டுல எவ்ளோடி?"

"அக்கவுண்டன்சில எழுவத்தெட்டு. எனக்கு அறுவத்தி ரெண்டு."

"உன்னோடத விட ஜாஸ்தியாவா எழுதுன?"

"ரெண்டாவது தடவ எழுதும்போது தப்பு தெரிஞ்சிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு எதற்காக வந்திருக்கிறாள் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. இப்போது ஆள் குறைந்தது தெரிந்தால் என்ன ஆகும் என்று பதினாலு பேருக்கும் தெரியும்.

சௌந்தரம் டீச்சரை ஆய்வகத்துப் படியில் பிடித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலேயே, "ஹெச்.எம். மீட்டிங் போயிருக்காரும்மா. அவரு பாஸ்வேர்டு இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது. நாலு மணிக்கு வருவாரு" என்றார்.

"வருவாரா டீச்சர்?"

"வருவாரு."

இந்தத் தடவை அது உண்மையாக இருந்தது. நாலு ஐந்துக்குத் தலைமையாசிரியர் சடையப்பன் மோட்டார் சைக்கிளை நிழலில் நிறுத்தினார். பெண்ணாடம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படித்துத்தான் கையெழுத்துப் போடுவார் என்று பெயர். அனுப்பிரியா சொன்னதை நடுவே பேசாமல் கேட்டார். கணினியைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஜூன்லயே போயிட்டேன்னு சொல்ற. இன்னைக்குக் காலையில ஒம்பதரைக்கு வந்திருக்கியே."

அவர் திரையை இன்னும் கீழே இறக்கினார்.

"காலாண்டு மார்க்கும் இருக்கு. அது யாரு எழுதுனது?"

சௌந்தரம் டீச்சர் கதவருகே புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். சடையப்பன் அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிதம்பரத்துக்குப் போன் போட்டு மேசையில் வைத்தார்.

"சார், நான் இன்னைக்குத் தேதி போட்டு விட்டுடுறேன். நீங்க எடுத்துக்குங்க."

கொளஞ்சியப்பனின் குரல் இரைச்சலோடு வந்தது. "டிசம்பர்ல பிளஸ் டூவுக்கு அட்மிஷன் போட முடியாதுங்க சார். ஜூன்னு இருந்தாத்தான் எங்க ரெஜிஸ்டரோட ஒத்துப் போவும்."

"ஜூன்னு போட்டா, இந்த ஸ்கூல்ல ஆறு மாசம் பொய் எழுதுனோம்னு நானே கையெழுத்துப் போடுற மாதிரி."

"அது எனக்குத் தெரியாதுங்க சார். மணி நாலு இருவது. பாத்துச் செய்யுங்க."

போன் அடங்கியது. சடையப்பன் நாற்காலியில் சாய்ந்தார். யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வியை அந்தப் பதினேழு வயசுப் பெண்ணிடம் கேட்டார்.

"நீயே சொல்லும்மா. எந்தத் தேதி போடட்டும்?"

ஜன்னலுக்கு வெளியே நாலைந்து தலைகள் தெரிந்தன. நடுவில் வினோதினி. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பில் அம்மாவுக்கு முதன்முதலில் கால் வீங்கியபோது, மருத்துவமனைச் சீட்டுக்கு வரிசையில் நின்றவர் இந்த டீச்சர்தான். அனுப்பிரியாவுக்கு அது நினைவுக்கு வராமல் இல்லை. நினைவுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

"ஜூன் போடுங்க சார்."

வெளியிலிருந்து வினோதினியின் குரல் கேட்டது. "உனக்காக ரெண்டு தடவ உக்காந்து எழுதுனேன்டி நான்."

சௌந்தரம் டீச்சர் மேசைக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். நின்றபடியே எழுதினார். இந்த மாணவி ஜூன் முதல் பள்ளிக்கு வரவில்லை, வருகையும் மதிப்பெண்ணும் தன்னால் தவறாகப் பதியப்பட்டன, தானே பொறுப்பு என்று நாலு வரி. கையெழுத்துப் போட்டு, தேதியையும் போட்டுத் தலைமையாசிரியர் பக்கம் நகர்த்தினார்.

"போடுங்க சார். பிள்ள போவட்டும்."

சடையப்பன் ஜூன் ஐந்து என்று அடித்தார். திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. இன்னொரு தடவை அடித்தார். அதே கட்டம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாய்விட்டுப் படித்தார்: கடைசி வருகைப் பதிவுக்கு முந்திய தேதி ஏற்கப்படாது.

"இன்னைக்குப் போட்டத அழிச்சுடலாமே சார்" என்றார் டீச்சர்.

"இன்னைக்கு அழிச்சா நேத்து நிக்கும். நேத்து அழிச்சா முந்தாநாளு. பழைய நாளத் தொறக்க மாவட்ட ஆபீஸ்தான் வரணும்."

மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டார். மூன்று இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாலாவது ஆள், "மனு குடுங்க சார், ஒரு பதினஞ்சு நாளு ஆவும்" என்றார். சடையப்பன் பட்டியல் இன்று மூடுவதைச் சொன்னார். அந்த ஆள் அதற்கும் மனு கொடுக்கச் சொன்னார். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது தலைமையாசிரியர் மறுபடியும் ஜூன் ஐந்து என்று அடித்துப் பார்த்தார். பிறகு அறையில் இருந்த மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். கடைசி மணி எப்போதோ அடித்து முடிந்திருந்தது. பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள்.

ஐந்து மணியானதும் கொளஞ்சியப்பனே கூப்பிட்டார். "மூடிட்டாங்கம்மா" என்றார். பிறகு, "நாளைக்கு வராத. என்னைய வையாத" என்றார்.

சடையப்பன் தன் பள்ளிப் பட்டியலைத் திறந்து விரலால் வருடினார். "இங்க உன் பேரு இருக்கு. இங்கேருந்தே பரீட்ச எழுதலாம். ஆனா நாளைலேருந்து நீ நேர்ல வரணும். வராத பிள்ளைக்கு இனிமே இந்த ஸ்கூல்ல வருகை கிடையாது."

"செவ்வா, வியாழன், சனி அம்மாவுக்கு டயாலிசிஸ் சார். வேற யாரும் இல்ல. மத்த நாள் வந்துடுறேன்."

"வந்த நாளுக்கு உண்டு. வராத நாளுக்கு இல்ல. நாள் கொறஞ்சா பரீட்சைக்கு விட மாட்டாங்க, அது என் கையில இல்ல."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இனி இருப்பது ஐம்பது நாள். பாதிக்குத்தான் வர முடியும். ஆனால் ஏற்கெனவே நூற்றுப் பதினோரு நாள் அவள் பெயரில் இருக்கிறது. அதையும் சேர்த்தால் போதும். போதுமானதற்கு மேலேயே இருக்கும். அந்த நாள்கள் அப்படியே இருந்தால்.

அவள் கண் மேசைமேல் இருந்த வெள்ளைத்தாளில் போய் நின்றது. அது மாவட்டத்துக்குப் போனால் நூற்றுப் பதினோரு நாளும் போய்விடும். அவளும் போய்விடுவாள்.

"சார்" என்றாள். "டீச்சர் எழுதுனது பொய் சார். நான் வந்தேன். எல்லா நாளும் வந்தேன்."

சௌந்தரம் டீச்சர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அர மணி நேரத்துக்கு முன்னாடி ஜூன்னு சொன்னது நீதானம்மா?" என்றார் சடையப்பன்.

"நான்தான் சார். இப்ப வந்தேன்னு சொல்றேன். எழுதித் தரணும்னாலும் தர்றேன். அத மட்டும் கிழிச்சுடுங்க சார்."

அவர் கிழிக்கவில்லை. தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். நான்காக மடித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, பிறகு மூடிவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும்."

"எது வரைக்கும் சார்?"

"தெரியலம்மா" என்றார் அவர். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் தீர்மானமில்லாமல் வந்தது.

வாசல் வரை டீச்சர் கூடவே நடந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்று இருவருக்குமே பிடிபடவில்லை.

"அம்மாவ யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா?"

"பக்கத்துப் பெட்டு அக்கா, டீச்சர். போன் பண்ணாங்க. இன்னைக்கு ரொம்ப வாந்தியாம்."

"நாளைக்கு எத்தன மணி வண்டி?"

"எட்டே கால்."

"லேட்டாவும்டி. ஒம்பதரைக்கு மேல என்னால போட முடியாது. அந்தாளு இனிமே பின்னாடியே நிப்பாரு."

"ஏழு மணி வண்டியப் புடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அனுப்பிரியா பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.