பூஜ்யம் காட்டிய குழாய்

கொல்லைக் குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று ஃபக்ருன்னிசா முதலில் சொன்னது 2003ஆம் வருஷம், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில். அவள் கணவர் பஷீருதீன் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன். குடியிருப்பு திருக்கழுக்குன்றத்தில், மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டின் பின்கட்டில். முன்கட்டில் ரவிச்சந்திரனும் அவர் மனைவி அமிர்தவல்லியும். மாடியில் ஷ்யாம் என்ற பையன், கம்பெனி வேலைக்காரன், தனியாக இருந்தான்.

அன்று சாயங்காலமே பஷீருதீன் குழாயை டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார். எரியவில்லை.

"இப்ப இல்லங்க. காலைலதான். ஊசி வெச்சு குத்துறா மாதிரி கீது" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தார். டெஸ்டர் விளக்கு லேசாக மினுக்கியது.

"பாத்தீங்களா?"

"டெஸ்டர் சும்மாவே மினுக்கும். அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இரு."

உள்ளே போய் புது டிஜிட்டல் மீட்டரை எடுத்துவந்தார். சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கியது. உள்ளே நல்ல ஃபியூஸ் இருக்கிறதா, ஒயர்முனை விரலுக்குத் தடுப்போடு இருக்கிறதா என்றெல்லாம் கடைக்காரரைக் குடைந்தெடுத்துவிட்டுத்தான் வாங்கினார். பழைய முள் மீட்டரைக் கூட வேலை செய்யும் மோசஸுக்குக் கொடுத்துவிட்டார். ரிசார்ட்டில் இந்த மீட்டரைக் கையில் எடுத்தால் மேனேஜர்கூடப் பேச்சை நிறுத்திக் கேட்பார்.

கறுப்பு முனையைச் சுவரிலிருந்த பிளக் பாயின்டின் எர்த் ஓட்டையில் செருகினார். சிவப்பு முனையைக் குழாயில் வைத்தார். பூஜ்யம்.

"சுத்தமா ஒண்ணுமில்ல. இந்தா, நீயே பாத்துக்கோ."

"அப்ப எனக்கு ஏன் சுருக்குங்குது?"

"அதான் எனக்கும் புரியல. நரம்புல ஏதாவது இருக்கும்."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு அவளைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்து, சத்துக்குறைவாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். ஃபக்ருன்னிசா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். ஆனால் ரப்பர் செருப்பில்லாமல் குழாய்ப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். துணி துவைக்கும்போது காலடியில் ஒரு மரப்பலகையும் போட்டுக்கொண்டாள்.

அமிர்தவல்லிக்கும் அவள் சொல்லிவைத்திருந்தாள். அவளும் சில நாள் செருப்போடுதான் தண்ணீர் பிடித்தாள். ஒரு காலை பஷீருதீன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமா, நீயுமா? மீட்டர் வெச்சே பாத்துட்டேன். குழாய்ல கரண்டே கிடையாது. பயப்படாம புடி."

"நீங்க சொன்னா சரிதான் பாய்" என்று அவளும் சிரித்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை. பஷீருதீன் காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கே போய்விட்டார். ஃபக்ருன்னிசா அடுப்படியில் இருந்தபோது கொல்லையில் குடம் உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அமிர்தவல்லி குழாயைப் பிடித்தபடி விறைத்து நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முன்கட்டிலிருந்து ரவிச்சந்திரன் மனைவியை இழுக்க ஓடிவந்தார்.

"தொடாதீங்கண்ணே! தொடாதீங்க!"

கத்திக்கொண்டே படிக்கட்டுக்கு அடியிலிருந்த மெயின் போர்டுக்கு ஓடினாள். எது யாருடையது என்று யோசிக்கவில்லை. மூன்று மெயினையும் இழுத்துவிட்டாள். பின்னால் அமிர்தவல்லி தொப்பென்று விழுந்தது கேட்டது.

ரிசார்ட்டுக்குப் போன் போனது. பஷீருதீன் வந்து சேர்ந்தபோது அமிர்தவல்லியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உள்ளங்கை வெந்துவிட்டது, மணிக்கட்டு முறிந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை என்று தகவல் வந்தது.

யாரும் கிட்டே வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, காலையில் ஓடியதையெல்லாம் மறுபடி போட்டார். மாடியில் ஷ்யாமின் வெந்நீர் கீஸரையும் போடச் சொன்னார். மீட்டரை எடுத்து எர்த் ஓட்டையில் ஒரு முனை, குழாயில் ஒரு முனை. பூஜ்யம். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பூஜ்யம்.

"ஏன் அந்த ஓட்டையிலயே குத்திகினு இருக்கீங்க?" வாசற்படியில் நின்றிருந்த ஃபக்ருன்னிசா கேட்டாள். "நான் என்ன அந்த ஓட்டையிலயா நிக்கிறேன்? தரையில நிக்கிறேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஒரு நீள ஆணியை ஈரமண்ணில் அடித்து, கறுப்பு முனையை அதில் வைத்தார். நூற்றுப் பதினெட்டு வோல்ட்.

ஷ்யாம் காலையில் மட்டும் போடும் கீஸருக்குள் கம்பி கெட்டு, கரண்ட் அதன் உடம்பில் ஏறி இரும்புக் குழாய் வழியாகக் கொல்லை வரை வந்திருந்தது. அதை மண்ணுக்குள் இறக்கவேண்டிய, மூன்று குடித்தனத்துக்கும் பொதுவான எர்த் ஒயர், குழிக்கு மேலேயே துருப்பிடித்து அறுந்து கிடந்தது. அதனால் குழாயில் ஏறிய அதே கரண்ட் எர்த் ஓட்டையிலும் நின்றது. இரண்டும் சமம் என்பதைத்தான் மீட்டர் சொன்னது. ஆபத்தில்லை என்று சொன்னது அவர்.

சாயங்காலம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ரவிச்சந்திரன் வராந்தாவிலேயே மறித்துக்கொண்டார்.

"நீங்கதான பாய் ஒண்ணுமில்லன்னீங்க?"

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

கீஸரைப் பற்றியோ எர்த் ஒயரைப் பற்றியோ சொல்ல நினைத்து வந்திருந்தார். ரவிச்சந்திரன் வேறெதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து அமிர்தவல்லியின் குரல் கேட்டது: "அக்கா அன்னிக்கே சொன்னாங்க. நாந்தான் செருப்பக் கழட்டுனேன்."

எர்த் குழியைப் புதிதாகத் தோண்டி, கம்பி போட்டு முடிக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பின்னும் நிம்மதியில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை வீட்டில் அதே ஓட்டையில் வைத்துப் பார்த்து, ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்? ஞாபகம் வந்த வீடுகளுக்கெல்லாம் லீவு நாளில் ஆணியும் சுத்தியலுமாகப் போனார். நெம்மேலியில் ஒரு வீட்டில் மோட்டார் உடம்பில் நாற்பது காட்டியது.

"இத்தினி நாளா நல்லாத்தானே கீது?" என்றார் வீட்டுக்காரர் கொஞ்சம் கோபமாக. பஷீருதீன் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்.

வீட்டில் ஃபக்ருன்னிசா எப்போதும்போலவே இருந்தாள். சமைத்தாள், பேசினாள், அமிர்தவல்லிக்குக் கை கூடும்வரை அவளுக்கும் சேர்த்துத் துவைத்துக் கொடுத்தாள். ஒருநாள் அவரே கேட்டார்.

"எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லங்க." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "எதுவும் உங்ககிட்ட சொல்லணும்னு தோண மாட்டேங்குது. அவ்ளோதான்."

மாசி மாதம் ஒரு காலையில் அவர் திருப்போரூரில் ஒரு கடையில் எர்த்தைச் சோதிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். முன்கட்டைத் தாண்டும்போது அமிர்தவல்லி கூப்பிட்டாள்.

"அக்காவுக்குப் பல்லு வலி கொறஞ்சுதா பாய்? மூணு நாளா கன்னம் வீங்கிகினு கீதே."

பஷீருதீனுக்கு அது தெரியவே தெரியாது. திரும்பி வந்தார். ஃபக்ருன்னிசா முந்தானையைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"போய்ட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

அவர் பையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அவள் சோறு வடித்து, முகம் கழுவி, டாக்டரிடம் போகத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் எழுந்திருக்கவில்லை.